கதிரறுப்பாள் பாட்டும் கொழுந்தெடுப்பாள் பாட்டும்

ஆங்கிலக் கவிதையைப் பள்ளியிலே பயின்றவர்களுள் வில்லியம் வேட்ஸ்வொர்த் இயற்றிய 'தனித்துக் கதிரறுப்பாள்' என்ற சிறு கவிதையை அறியாதார் மிகச் சிலரே. 1805இல் எழுதப்பெற்று 1807இல் நூலேறிய அக்கவிதை 32 அடிகளே உடையது. ஸ்கொத்லாந்தின் மலைநாட்டிலே இளம் பெண்ணொருத்தி வயலில் தனியே நின்று கதிர் அறுக்கிறாள், அறுத்துக்கொண்டே பாடுகிறாள். வழிச்செல்லும் கவிஞர் நின்று கேட்கிறார். அவள் பாடுவது மலைநாட்டார் பேசும் கேயிலிக் மொழி. கவிஞருக்கு அது விளங்கவில்லை. அவள் பாடுவது யாதெனக் கூறுவார் இலரோ என வினவுகிறார். விடை கூறுவார் எவரும் இலர். பழங்காலத்துப் போரோ, அன்றாட வாழ்வின் இழப்போ எனத் தாமே ஊகிக்கிறார். ஈற்றில், பொருள் யாதாயினும் ஆகுக என்பார்போல், இசையை மட்டும் நெஞ்சில் ஏந்திக்கொண்டு மலையேறிச் சென்றுவிடுகிறார்.

இக்கவிதை இனியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் இனிமையே ஒரு வினாவை நம்முன் நிறுத்துகின்றது. கவிதையில் நிறைந்து நிற்கும் உணர்வு யாருடையது? பாடியவளுடையதா, கேட்டவருடையதா? புனைவியல் எனத் தமிழிலும் றொமாண்டிக் என மேனாட்டிலும் வழங்கும் கலையியக்கம், இயற்கையையும் மனித உணர்வையும் ஒன்றோடொன்று பிணைத்தது என்று நூல்கள் கூறும். அப்பிணைப்பின் இயல்பைக் கவிதை, ஓவியம், இசை ஆகிய மூன்றிலும் அளந்து காண்பதற்கு இவ்வினா நல்லதோர் அளவுகோலாகும். மலையகத்தை அடுத்து வாழும் நமக்கு இது அயல்நாட்டு வினாவும் அன்று. நம் மலைகளிலும் பெண்கள் தொழில் செய்துகொண்டே பாடினர். அவர்களின் பாட்டு நமக்கு நன்கு விளங்கும் மொழியிலேயே உள்ளது.

முதலிற் கவிதையை நோக்குவோம். வேட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் சேர்ந்து 1798இல் வெளியிட்ட பாடற் றொகுதி ஆங்கிலப் புனைவியலின் வாயிற்படி எனப்படும். அதற்கு முன்னைய தலைமுறையினர் இயற்கையைப் பாடாதவர் அல்லர். ஆனால் அவர்கள் பாடிய இடையனும் இடைச்சியும் பட்டுடுத்த பொம்மைகளாகவே இருந்தனர். எளிய நாட்டுப்புற மக்களையும், அவர்கள் பேசும் மொழிக்கு அணித்தான நடையையும் கவிதைக்குள் கொணர்ந்தமை வேட்ஸ்வொர்த்தின் பெருந்தொண்டு. நீராவிப் பொறியும் நூற்பாலையும் இங்கிலாந்தின் முகத்தை மாற்றிக்கொண்டிருந்த காலத்தில், மலையும் ஓடையும் மனிதனின் உள்ளத்தைப் பேணி வளர்க்கும் தாய் போன்றவை என்று அவர் உணர்ந்து பாடினார்.

ஆயினும் அத்தாய் பெரும்பாலும் கவிஞரின் உள்ளத்தையே பேணினாள். 1798 யூலை மாதத்தில் வை ஆற்றங்கரையிலே, ரின்ரேண் மடாலயத்துக்குச் சில மைல் மேலே நின்று அவர் பாடிய நீண்ட கவிதை இதற்குச் சான்று. அக்காலத்தில் அப்பள்ளத்தாக்கில் இரும்பு உலைகள் இயங்கிவந்தன. கவிதையிலும் மரங்களிடையே புகை எழுகின்றது. ஆனால் அப்புகை வீடற்று அலைவோர் மூட்டிய நெருப்பினின்றோ, குகையில் வாழும் துறவியின் அடுப்பினின்றோ எழுந்ததாகலாம் எனக் கவிஞர் கருதுகின்றார். உலைக்கூடம் அங்கே பேசப்படவில்லை. காட்சி கவிஞரின் மனத்துக்கு அமைதி தரவேண்டும். அமைதியைக் குலைப்பவை காட்சியின் எல்லைக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

கதிரறுப்பாள் கவிதையிலும் நிகழ்வது இதுவே. வேட்ஸ்வொர்த் 1803இல் தம் தங்கை டொறதியுடன் ஸ்கொத்லாந்து சென்றவர். எனினும் இக்கவிதைக்கு வித்தாக அமைந்தது நண்பர் தோமஸ் வில்கின்சனின் பயணக் குறிப்பிற் கண்ட ஒரு வாக்கியம். எனவே அப்பெண்ணின் குரல் நம்மை அடையுமுன் இருவர் செவிகளைக் கடந்து வந்துள்ளது. அக்காலத்து ஸ்கொத்லாந்து மலைநாடு எத்தகையது என்பதும் கருதத்தக்கது. குடியானவரை நிலத்தினின்று அகற்றி, அந்நிலங்களை ஆட்டு மந்தைகளுக்கு விட்ட காலம் அது. கேயிலிக் மொழி பேசிய குடும்பங்கள் பல கடற்கரைக்கும் கடல் கடந்தும் சென்றன. பாடியவள் இதனைத்தான் பாடினாள் என்று நாம் துணியலாகாது; காதலையும் பாடியிருக்கலாம், தாலாட்டையும் பாடியிருக்கலாம். அவளுக்குச் சொல்லவேண்டிய ஒன்று இருந்தது என்பது மட்டும் துணிவு. கவிதை அதனை இழந்து, அவ்விழப்பையே அழகாக்கிக் கொண்டது.

ஓவியத்திலும் இதே நிலையைக் காணலாம். ஜேர்மானிய ஓவியர் கஸ்பார் டேவிட் பிரீட்றிக் 1818 அளவில் வரைந்த 'பனிக்கடலின் மேலே வழிநடையன்' உலகறிந்த படம். பாறை முடியிலே கனவான் ஒருவர் நமக்கு முதுகு காட்டி நிற்கிறார். அவர் காலடியில் மலைகள் பனியில் மிதக்கின்றன. முகம் நமக்குத் தெரியாமையால், அவர் கண்ணே நம் கண்ணாகிவிடுகின்றது. மலை முழுவதும் ஒருவரது உள்ளத்தின் புறத்தோற்றமாகிவிடுகின்றது. இங்கிலாந்தின் ஜோன் கொன்ஸ்டபிள் 1821இல் தீட்டிய 'வைக்கோல் வண்டி'யில் நிலம் அன்பு ததும்ப வரையப்பட்டுள்ளது. மேகத்தின் ஈரமும் நீரின் ஒளியும் அதற்கு முன் எவரும் காணாதவாறு அமைந்துள்ளன. ஆனால் அப்படத்தில் புல் அறுப்போரைத் தேடினால், தொலைவில், வலப்புறப் புல்வெளியில், புள்ளிகளாக அவர்களைக் காணலாம். இயற்கை அண்மையிலும், அதில் உழைப்போர் சேய்மையிலும் உள்ளனர்.

இதற்கு மறுமொழி பிரான்சிலிருந்து வந்தது. மிலே 1857இல் வரைந்த 'கதிர் பொறுக்குவோர்' என்ற படத்தில் மூன்று பெண்கள் முன்னிலையில் குனிந்து நிற்கின்றனர். அறுவடை முடிந்த வயலிற் சிந்திய கதிர்களைப் பொறுக்குகின்றனர். வைக்கோற் போர்களும் குதிரைமேல் அமர்ந்த மேற்பார்வையாளனும் தொலைவிற் சிறுத்துவிட்டனர். கொன்ஸ்டபிளின் தொலைவும் அண்மையும் ஈண்டு இடம் மாறியுள்ளன. அதே வானம், அதே வயல். ஓவியன் நின்ற இடம் மட்டுமே வேறு. நிற்கும் இடம் மாறியவுடன் உணர்வும் மாறிவிடுகின்றது.

இசையைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். பீதோவனின் ஆறாம் சிம்பனி 1808 டிசம்பர் 22ஆம் நாள் வியன்னா நகரில் முதன்முதல் இசைக்கப்பெற்றது. நாட்டுப்புறத்துக்கு வந்து சேர்தல், ஓடைக்கரை, குடியானவர் கூடிக் களித்தல், புயல், புயலின்பின் இடையரின் நன்றிப் பாடல் என ஐந்து பகுதிகள் உடையது. ஓடைக்கரைப் பகுதியின் ஈற்றில் புல்லாங்குழல் இராப்பாடியாகவும், ஓபோ காடையாகவும், கிளாரினெற் குயிலாகவும் ஒலிக்கின்றன. ஆனாலும் தாம் காட்சியை வரையவில்லை, உணர்வையே வெளியிட்டதாகப் பீதோவன் குறித்துச் சென்றார். இயற்கையின் புறத்தோற்றத்தை விட்டு அதன் உள்ளுணர்வைப் பற்றிய இக்கொள்கை உயர்ந்தது. ஆயினும் ஐந்தாம் பகுதியில் வரும் இடையர் பாடலுக்குச் சொல் இல்லை. மெண்டல்சோன் என்ற இசைப்புலவர் 1830களில் வெளியிட்டுவந்த பியானோ உருப்படிகளுக்குச் 'சொல்லில்லாப் பாடல்கள்' என்றே பெயரிட்டார். சொல்லை நீக்கிய இசையே தூயது, ஆழமானது என்ற எண்ணம் அக்காலத்தின் பொதுவுடைமையாயிற்று. கதிரறுப்பாளின் பாட்டு வேட்ஸ்வொர்த்தின் நெஞ்சில் அடைந்த கதியும் அதுவே. சொல் உதிர்ந்து இசை மட்டும் எஞ்சியது.

ஆக மூன்று கலைகளிலும் ஒரே அமைப்பைக் காண்கிறோம். இயற்கையின் முன்னே ஒருவர் நிற்கிறார், அவர் உள்ளம் நெகிழ்கிறது, அந்நெகிழ்ச்சியே கலையாகிறது. இயற்கைக்குள் நின்று உழைப்பவர் காட்சியின் ஓர் உறுப்பாகின்றார்; காணும் கண்ணாக அவர் ஆவது அரிது. இதனைக் குறையென்று மட்டும் கூறி ஒதுக்குதல் நன்றன்று. தனிமனித உள்ளத்தின் மதிப்பை உலகுக்கு உணர்த்தியது இவ்வியக்கமே. இயற்கையும் உணர்வும் கூடுவதற்கு இஃதொன்றே வழியா என்பதுதான் ஈண்டு நாம் ஆராய்வது.

தமிழில் வேறொரு வழி இருந்தது. அதனை நம்மனோர் பலமுறை எடுத்துரைத்துள்ளனர். தனிநாயக அடிகள் 1952இல் பண்டைத் தமிழ்க் கவிதையில் இயற்கை பற்றி ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். அது பின்னர் 1966இல் 'நிலத்தோற்றமும் கவிதையும்' என்னும் பொருள்படும் பெயருடன் மீண்டும் வந்தது. டாக்டர் மு. வரதராசனும் சங்க இலக்கியத்தில் இயற்கை என்பதைப் பற்றியே டாக்டர் பட்டத்துக்கு ஆய்ந்தார். சங்கப் புலவர் இயற்கையை இயற்கைக்காகப் பாடினாரல்லர், மனித வாழ்வுக்குப் பின்னணியாகவே பாடினார் என்பது இவ்வறிஞர்களின் நூல்கள் நிலைநாட்டிய முடிபு. அம்முடிபை ஏற்று, அதற்கு அடுத்த ஒரு படியை நாம் எடுத்துவைக்கலாம்.

தொல்காப்பியர் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்று கூறினார். நிலமும் பொழுதும் முதல். ஒழுக்கமாகிய உணர்வு உரி. இடையே நிற்கும் கருப்பொருளின் பட்டியலை மாணாக்கர் மனப்பாடம் செய்வர். அதனுள் அடங்கியவை யாவை என நின்று நோக்குவார் சிலரே. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை என்பவற்றோடு பறையும் தொழிலும் யாழும் அங்கே எண்ணப்பட்டுள்ளன. மேனாட்டார் இயற்கை எனின் மனிதன் தொடாத மலையையும் காட்டையும் நினைப்பர். தொல்காப்பியர் மரத்தையும் மயிலையும் எண்ணிய அதே மூச்சில் மக்கள் செய்யும் தொழிலையும், அவர் கொட்டும் பறையையும், மீட்டும் யாழையும் எண்ணினார். தினை விதைத்தலும் கிளி கடிதலும் இல்லாமற் குறிஞ்சி இல்லை. தொழிலும் இசையும் நிலத்தின் உறுப்புக்கள். அவற்றை நீக்கிவிட்டு நிலத்தை அழகு பார்த்தல் இவ்விலக்கணத்தில் இயலாது.

கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழின் அகமரபை அறிவுறுத்துதற்காக 261 அடிகளில் அது பாடப்பெற்றது என்பர். பாட்டின் பொருளை எவரேனும் கூறமாட்டாரா என வேட்ஸ்வொர்த் வினவினார். அத்தகைய வினாவுக்கு விடையாகவே ஒரு பெரும்பாட்டு எழுந்தமை தமிழின் பேறு. அதிலே 99 பூக்கள் அடுக்கி வருகின்றன. அதனைத் தனியே எடுத்து இயற்கை வருணனைக்குச் சான்றாகக் காட்டுவது நம் வகுப்பறை வழக்கம். ஆனால் அப்பூக்களைப் பேசுபவள் யார்? தினைப்புனம் காக்கச் சென்ற தலைவியின் தோழி. எவரிடம் பேசுகிறாள்? செவிலித் தாயிடம். எதற்காக? தலைவியின் காதலை வெளிப்படுத்தி, அவள் விரும்பியவனுக்கே அவளை மணமுடிக்க வேண்டுமென அறத்தொடு நிற்பதற்காக. ஒரு பெண்ணின் வாழ்வு தொங்கிநிற்கும் வேளையிற் பேசப்படுவதனாலேயே அப்பூக்கள் மணக்கின்றன. கலித்தொகைக் குறிஞ்சிக்கலியிலும் இவ்வாறே தலைவியும் தோழியும் உலக்கை பிடித்துக் குற்றிக்கொண்டு வள்ளைப் பாட்டுப் பாடுகின்றனர். ஒருத்தி தலைவனைப் பழிக்க, மற்றவள் புகழ்கிறாள். தொழிற்பாட்டின் சொல் முழுவதும் அங்கே நமக்குக் கிடைக்கின்றது. கவிஞர் வழிப்போக்கராக நின்று கேட்கவில்லை. பாடுபவளின் வாயாகவே ஆகிவிட்டார்.

இதனை மிகைப்படுத்திப் பெருமை பேசுதலும் தகாது. கபிலர் தினைப்புனத்துப் பெண் அல்லர். புலவர் தம் புலமையால் அவளுக்குக் கொடுத்த குரலே அது. அகப்பாட்டில் எவர் பெயரையும் சுட்டுதல் கூடாதென்பது மரபாதலின், ஒரு குறித்த பெண்ணின் துயரும் அங்கே பதிவாகாது. மரபு இறுகிய காலத்தில் திணை வெறும் சட்டகமாகியமையும் உண்மை. எனினும் சட்டகம் நல்லதாயின், அதனைப் புதிய நிலத்தின்மேல் இட்டுப் பார்க்கலாம். நாம் வாழும் மலைக்கு அதனை இட்டுப் பார்த்தல் நம் கடனுமாகும்.

அந்தோனியார் திருத்தலத்தாற் பெயர் பெற்ற வஹகோட்டை போன்ற வட மாத்தளை ஊர்களில் வாழ்வோர், இரு நிலங்களின் இடையே வாழ்பவர். வடக்கே தம்புள்ளையை நோக்கி வரண்ட காட்டுநிலம். தெற்கே மாத்தளையின் மலைத்தொடர். 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்தினின்று காப்பித் தோட்டங்களுக்கு வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, அக்காட்டு வழியே கால்நடையாகத் தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடைந்தனர். காய்ச்சலாலும் வயிற்றுப்போக்காலும் நீரின்மையாலும் வழியிலே மாண்டோர் பலர். கண்டி இராச்சியம் 1815இல் வீழ்ந்தபின் அடர்காடாக இருந்த மலைகள், அவர்கள் கைகளால் வெட்டப்பட்டுக் காப்பித் தோட்டங்களாயின. 1869இற் கண்ட இலைநோயினாற் காப்பி அழிய, 1867இல் ஜேம்ஸ் ரெய்லர் லூல்கந்துரவில் தொடங்கிய தேயிலை மலைகளை மூடியது. ரெய்லர் ஸ்கொத்லாந்துக்காரர், தோட்டத் துரைமாருள் அந்நாட்டவர் பலர். டன்சினேன், ஸ்ராத்ஸ்பே, பல்மோறல் என அவர்கள் தம் தாய்நாட்டுப் பெயர்களையே நம் மலைகளுக்கு இட்டனர். தொழிலாளரோ அத்தோட்டங்களைத் தமக்குரிய தமிழ்ப் பெயர்களால் அழைத்தனர். கதிரறுப்பாளின் மலைக்கும் கொழுந்தெடுப்பாளின் மலைக்கும் இவ்வாறு ஓர் உறவு உண்டு.

இம்மலைக்குக் கருப்பொருள் யாவை? தெய்வம் மாரியம்மன், முனியாண்டி, தேயிலை ஆலையின் சக்கரத்துக்குரிய ரோதைமுனி, கவ்வாத்து வெட்டும் காலத்தில் வணங்கும் கவ்வாத்துச்சாமி. உணவு ரொட்டியும் சம்பலும். உயிரினம் காலைப் பற்றும் அட்டை. மரம் இடுப்பளவில் வெட்டி நிறுத்திய தேயிலை. பறை, விடியலிற் பெரட்டுக்கு அழைக்கும் தப்பு. தொழில், நிரை பிடித்து ஏறி, மட்டக்கம்பு போட்டு, இரண்டு இலையும் ஓர் அரும்புமாகக் கிள்ளிக் கூடையில் இடுதல். யாழின் இடத்தில் நிற்பன தாலாட்டும் தெம்மாங்கும் ஒப்பாரியும், காமன் கூத்தின் பாட்டும். தொல்காப்பியரின் பட்டியலில் ஓரிடமும் வெறிதாக இல்லை. நிலம் தன் தெய்வத்தையும் பறையையும் தானே பெற்றெடுக்கும் என்ற அவர் கொள்கைக்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

உரிப்பொருள் யாது என்பதே அரிய வினா. மலையாதலின் குறிஞ்சிக்குரிய புணர்தல் எனலாமோ? மலைநாட்டுப் பாடல்களிற் காதலும் கேலியும் நிறைய உண்டு. மாமன் மகனை நோக்கிய பாட்டுக்கள் குறும்பு நிறைந்தவை. ஆனாலும் பாடல்களின் ஆழத்திற் செல்லும் ஒலி பிரிவின் ஒலியே. ஊரை இழந்தமை, தாயைப் பிரிந்தமை, கண்டிச் சீமைக்கு வந்து உடன்பிறந்தாரைத் தொலைத்தமை, ஆள்கட்டிக் கங்காணியின் சொல்லை நம்பி வந்தமை ஆகியன மீண்டும் மீண்டும் வருகின்றன. பாலைக்குத் தனி நிலம் இல்லை, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தபோது பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் காட்டும் கருத்து. வெயிலாற் காய்ந்து திரிந்ததையே இளங்கோவடிகள் கூறினார். இங்கே மலை காயவில்லை. ஆண்டு முழுதும் தளிர்க்கின்றது. ஆனால் காடு அழிந்து, மலை ஒருவர் உடைமையாகி, அதில் உழைப்பவர்க்கு ஓரடி மண்ணும் உரியதாகாத நிலையும் இயல்பு திரிதலேயாகும். கருப்பொருள் குறிஞ்சியாகவும் உரிப்பொருள் பாலையாகவும் அமைந்த இம்மலையைப் பச்சைப் பாலை எனலாம். திணை மயங்குதல் இலக்கணத்துக்கு உடன்பாடே. மயக்கத்தின் காரணத்தைக் கூறுவதே திறனாய்வாளன் பணி.

பாடல்களில் இயற்கை எவ்வாறு வருகின்றது என நோக்கினால் இக்கூற்று மேலும் தெளிவாகும். காப்பிக் காலத்துப் பாட்டொன்றிலே, பழம் பறிக்கையில் ஒன்று தவறியமைக்காகச் சின்னத் துரையிடம் உதைபட்ட செய்தி சொல்லப்படுகின்றது. மலையைப் பற்றி அங்கே உள்ளது ஓர் அடைமொழியே. மலையின் கோணலைக் குறிக்கும் அச்சொல் இருமுறை அடுக்கி வருகின்றது. ஏறுபவளின் மூச்சிரைப்பு அவ்வடுக்கிலேயே கேட்கின்றது. நீண்ட வருணனை சாதிப்பதை ஒரு சொல் சாதித்துவிட்டது. பனி அங்கே திரையன்று, விறைக்கும் விரல். மழை அழகன்று, 'பேர்' விழுமா, அரைப் பேராகக் குறையுமா என்ற கவலை. இயற்கை உடம்பின்மேல் நேரே படுகின்றது. உணர்வு அவ்விடத்திலேயே பிறக்கின்றது. வீட்டுக்குச் சென்று அமைதியாக எண்ணிப் பார்க்கும் ஓய்வை அது பெற்றதில்லை.

கற்றோர் கவிதை இப்பாட்டை நோக்கித் திரும்பிய வழியும் புனைவியலின் வழியே என்பது மகிழத்தக்கது. பாரதியார் இளமையில் ஷெல்லியிடம் கொண்ட பற்றினால் ஷெல்லிதாசன் எனப் புனைபெயர் பூண்டவர். ஷெல்லி 1819இல் எழுதிய மேல்காற்றுக் கவிதையில், தம் சொற்களை உலகெங்கும் பரப்புமாறு காற்றை வேண்டினார். பாரதியாரும் 'கரும்புத் தோட்டத்திலே' என்ற பாட்டிற் காற்றையே விளிக்கிறார். ஆனால் தம் சொல்லைக் கொண்டுசெல் என்று கேட்கவில்லை. பிஜித் தீவின் தோட்டத்தில் அழும் பெண்களின் குரலை நீ கேட்டிருப்பாயே, அவர்கள் சொன்னதென்ன என்று கேட்கிறார். காற்று அங்கே கவிஞனின் எக்காளமாக இருந்தது. இங்கே பிறர் துயருக்குச் சாட்சியாகிவிட்டது. ஆசிரியனிடம் கற்று அவனைக் கடத்தல் என்பது இதுவே.

பூண்டுலோயாவை அடுத்த மடக்கும்புரைத் தோட்டத்தில் 1914இற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானவர். அடுத்த ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம் அவருடைய மக்களை நாடற்றவராக்கியது. அவர் ஆங்கிலத்தில் எழுதிய தேயிலைத் தோட்டக் கவிதைகளை, 'தேயிலைத் தோட்டத்திலே' எனச் சக்தீ பால ஐயா தமிழாக்கினார். அப்பெயரிலே பாரதியின் எதிரொலி கேட்கின்றது. வேட்ஸ்வொர்த்தின் மொழியிலே, கதிரறுப்பாளின் பக்கம் நின்று ஒருவர் எழுதியதாக அக்கவிதைகளைக் கொள்ளலாம். அவர் அத்துடன் நில்லாது மலைநாட்டு மக்களின் பாடல்களைத் திரட்டி நூலாக்கியமை, கவிதை எழுதியதிலும் குறைந்த தொண்டன்று. கேட்டதை நெஞ்சில் ஏந்திச் செல்வதற்கும், சொல்லைச் சொல்லாகவே எழுதி வைப்பதற்கும் உள்ள வேற்றுமை பெரிது. கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சி அம்மையாரோ தாமே பாட்டு இயற்றித் தோட்டத்து மக்களின் கூட்டங்களிற் பாடினார். அங்கே பாடியோரும் கேட்டோரும் ஒரே பொருளை அறிந்திருந்தனர்.

ஓவியத்தில் நாம் அத்துணை முன்னேறவில்லை. கண்டியிற் பிறந்த ஜோர்ஜ் கீற் (1901–1993), 1943இல் அமைந்த '43 குழு'வின் முதன்மை ஓவியருள் ஒருவர். அவர் பெயர்பெற்ற படங்களில் மனித உருவமே சட்டம் முழுவதையும் நிறைத்து நிற்கும். மலையைத் தொலைவிலிருந்து காட்டி மயக்கும் நோக்கு அங்கே இல்லை. கீத கோவிந்தத்தை ஆங்கிலத்திற் பெயர்த்த அவருடைய பெண்கள் பெரிதும் ராதையின் மரபில் வந்தவர்கள். கொழுந்தெடுப்பாளுக்கோ விளம்பரப் படமே விதியாயிற்று. பனி தவழும் மலை, ஒழுங்கான பச்சை, நடுவே கூடை சுமந்து புன்னகைக்கும் பெண் என்ற காட்சியைத் தேயிலைப் பெட்டிகள் உலகெங்கும் கொண்டுசென்றன. அது பிரீட்றிக்கின் பனிக்கடலைக் கடைச்சரக்காக்கிய படம். அதில் அவள் வாய் திறந்திருக்கும், பாட்டு கேட்பதில்லை. மிலே நின்ற இடத்தில் நின்று நம் மலையை வரையவேண்டிய தூரிகை இன்னும் பல வேண்டும்.

இவற்றாற் பெறப்படும் முடிபு யாது? இயற்கையும் உணர்வும் கூடுமிடத்தில் எப்பொழுதும் ஒருவர் நிற்கிறார். அவர் அங்கே எதற்காக நிற்கிறார் என்பதே அவ்வுணர்வின் நிறத்தை வகுக்கின்றது. வழிச்செல்பவனுக்கு மலை வியப்பு; காவலிருப்பவளுக்குக் காதலின் களம்; கூலிக்கு ஏறுபவளுக்குச் சுமையும் நினைவும் ஆகும். இம்மூன்றும் உண்மையே. ஒன்றையே இயற்கை உணர்ச்சி என்று பெயரிட்டு, ஏனையவற்றைச் சமூகச் செய்தி எனப் புறத்தே தள்ளுதல்தான் திறனாய்வுக்குப் பொருந்தாது.

இதனால் ஆசிரியர்க்கு விளையும் கடமை ஒன்றுண்டு. புலவரின் இயற்கை வருணனைத் திறனை விளக்குக என்ற வினாவுக்கு, உவமைகளைத் தொகுத்து விடையெழுதப் பல தலைமுறைகளாகப் பயிற்றி வருகிறோம். அதனோடு வேறு மூன்று வினாக்களையும் சேர்த்துக் கேட்டல் வேண்டும். இக்காட்சியைக் காண்பவர் யார்? அங்கே தொழில் செய்பவர் யார்? அவர் வாயில் உள்ள சொல் நமக்குக் கிடைக்கின்றதா? இவ்வினாக்களாற் குறிஞ்சிப்பாட்டின் அழகு குறையாது. வேட்ஸ்வொர்த்தின் பெருமையும் குன்றாது. கருப்பொருள் அட்டவணையை நிரப்பும் மாணவனிடம், ஐந்து நிலங்களுக்கும் நிரப்பிய பின்னர், தன் பாட்டியார் வாழ்ந்த தோட்டத்துக்கும் ஒரு நிரலை நிரப்பி வருமாறு கூறலாம். தெய்வத்தின் பெயரும் தப்பின் தாளமும் அவன் வீட்டிலேயே கிடைக்கும். பாட்டு மட்டும் விரைந்து மறைந்துகொண்டிருக்கின்றது. அதனை அறிந்த மூதாட்டியர் நம்மிடையே உள்ளபோதே எழுதிக்கொள்ளல் வேண்டும்.

1948இற் பறிபோன குடியுரிமை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினால் முற்றுப்பெறத் திரும்பியது. இலக்கியக் குடியுரிமை சட்டத்தினால் வருவதன்று. கற்பிப்போரும் கற்போரும் வழங்க வருவது. ஸ்கொத்லாந்து மலையிலே பாட்டின் பொருளைக் கேட்ட கவிஞருக்கு மறுமொழி கூற ஒருவரும் வரவில்லை. நம் வகுப்பறைகளில் அவ்வினாவைக் கேட்டால் மறுமொழி கூறத்தக்க பிள்ளைகள் முன் வரிசையிலேயே இருக்கின்றனர்.